நான்குவழிச் சாலை வந்தபின் பழைய ரோட்டை என்ன செய்வது? ஓடையிலிருந்து தொடங்கும் ஒரு கணக்கு

களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி போகும் சாலைக்கு முன்பு தேசிய நெடுஞ்சாலை 47 என்று பெயர், இப்போது 66. திருவிதாங்கூர் காலத்தில் சிமென்ட் காங்கிரீட்டில் போடப்பட்ட சாலை இது. அதன்மேல் தார், தாரின்மேல் தார் என்று இன்றைய நிலைக்கு வந்திருக்கிறது. கேரள எல்லையை ஒட்டிய காரோட்டிலிருந்து வரும் நான்குவழிச் சாலை, வயல்களையும் குளங்களையும் கடந்து வேறு வழியில் போகிறது. அந்த வேலை பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. என்றாவது முழுதாக முடியும்போது தூரத்து லாரிகளும் கேரளப் பேருந்துகளும் அங்கே போய்விடும். பழைய ரோடு ஊர்க்காரர்களின் ரோடாக மிஞ்சும்.

அதை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மழைநீரை வாங்கவும் ஏற்றபடி மாற்றி அமைக்கலாம் என்ற பேச்சு வந்தாலே மூன்று கேள்விகள் எழுகின்றன. ஏற்கெனவே ஒடுங்கிய ரோட்டை இன்னும் ஒடுக்குவதா? நம் ஊரில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? மழைக்கு ரோடே குளமாகிறது, இதில் தோட்டம் வேறா? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் விடை தேட வேண்டிய வரிசை தலைகீழ். குமரி மாவட்டத்தில் மழைத்தண்ணீரில் தொடங்கினால்தான் மற்ற இரண்டுக்கும் இடம் கிடைக்கும்.

குமரியின் ரோடு ஏன் தனி ரகம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர், அதாவது இருமடங்கு. அதுவும் ஊர் ஓரிடத்தில் முடிந்து காடோ வயலோ தொடங்கி, பிறகு அடுத்த ஊர் வரும் அமைப்பு இங்கே குறைவு. வீடு, கடை, தேவாலயம், பள்ளிக்கூடம், ரப்பர் தோட்டம், மறுபடியும் வீடு என்று ரோட்டை ஒட்டியே நீண்டு போகும். பார்வதிபுரத்திலிருந்து சுங்கான்கடை, வில்லுக்குறி வழியாகத் தக்கலை போனால், ஊருக்கு வெளியே வந்துவிட்டோம் என்று சொல்லும்படியான நீளம் மிகக் கொஞ்சம்.

இதனால் ஒரு முரண். ரோடு நெடுஞ்சாலையின் வேகத்துக்காகப் போடப்பட்டது. பயன்படுவதோ தெருவாக. பால் வாங்கப் போகிறவரும், பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரும், திருவனந்தபுரத்துக்கு விரைகிற காரும் ஒரே தார்ப்பரப்பில் வருகிறார்கள். 2018 இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் இந்த முரணைப் பாதிதான் தீர்த்தன. நேராகப் போகிற வண்டி மேலே ஏறிவிட்டது. கீழே ரோட்டைக் கடக்கிறவர் பழையபடியே நிற்கிறார்.

மதில் முதல் மதில் வரை

ரோட்டின் அகலம் என்றால் பலர் தாரின் அகலத்தையே நினைக்கிறார்கள். பொறியாளர்கள் பார்ப்பது ஒரு பக்கத்து மதிலிலிருந்து எதிர்ப்பக்கத்து மதில் வரையுள்ள மொத்த இடத்தை. இதற்குச் சாலை எல்லை என்று பெயர். தார்ப்பகுதி, மண் ஓரம், ஓடை என்று நாம் சொல்லும் ரோட்டோர வடிகால், மின்கம்பங்கள், மண்ணுக்கடியில் குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கேபிள் எல்லாம் இதற்குள்தான் அடக்கம்.

12 மீட்டர் சாலை எல்லையில் தார் 7 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 5 மீட்டர், அதாவது பக்கத்துக்கு இரண்டரை மீட்டர், என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். அதை நின்று பார்த்தால் இப்படி இருக்கும்: தார் விளிம்பிலிருந்து அரை அடி இறங்கும் மண். அதில் செம்மண் சேறு, ஜல்லி, யாரோ கொட்டிய கட்டட இடிபாடு. அடுத்து ஓடை. அதன்மேல் ஒரு சிலாப் இருக்கும், அடுத்த சிலாப் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், மூன்றாவது இருக்காது. நடுவே ஒரு மின்கம்பம். அதற்கப்புறம் ஒரு வீட்டுக்காரர் கார் ஏறுவதற்காக வாசலிலிருந்து தார் வரைக்கும் காங்கிரீட் சரிவு போட்டிருப்பார். அடுத்த வீட்டுச் சரிவு இன்னும் உயரம். நடக்கிறவர் ஏறி இறங்கி அலுத்து, கடைசியில் தாரிலேயே நடப்பார்.

அந்தச் சரிவுகளுக்கும் ஒரு காரணம் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார் போட்டுப்போட்டு ரோடு உயர்ந்தது. வீடுகள் பள்ளமாயின. ரோட்டுத் தண்ணீர் வாசலுக்குள் வராமலிருக்க ஆளாளுக்கு ஒரு மேடு கட்டினார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். ஆனால் அதற்கு முன் உயர்ந்த உயரம் அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இடப் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பாதி, இந்த இரண்டரை மீட்டர் வீணாவதுதான்.

ஆறு லட்சம் லிட்டர்

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 12 மீட்டர் அகலமும் 1 கிலோமீட்டர் நீளமும் உள்ள சாலை 12,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை குமரியில் அபூர்வமில்லை. அப்படிப் பெய்தால் அந்த ஒரு கிலோமீட்டரில் மட்டும் விழுவது 6 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐம்பது. பக்கத்து வீட்டு முற்றங்களிலிருந்தும் கூரைகளிலிருந்தும் வருவது தனி.

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். குமரிக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை ஓடை முழுதாகக் காய்வதில்லை. தூர்வார இடைவெளி குறைவு. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தபோது பார்த்தோம்: ஆறும் குளமும் நிறைவதற்கு முன்பே ரோடுகள் நிறைந்துவிடுகின்றன.

இங்கேதான் பசுமைக் கட்டமைப்பு என்ற சொல் வருகிறது. பூச்செடி வைத்து அழகு பார்க்கும் வேலை என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்கிற இடங்களும் உண்டு, பணம் வீண். உண்மையில் இது மண்ணையும் வேரையும் வடிகாலின் ஒரு பகுதியாக்கும் ஏற்பாடு. மூன்று உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. மழைத்தோட்டம்: தார் மட்டத்தைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் தாழ்ந்த நீளமான பாத்தி. ஓரக்கல்லில் இடைவெளி விட்டிருப்பார்கள், ரோட்டுத் தண்ணீர் அதன்வழி உள்ளே இறங்கும். மேலே மணல் கலந்த மண், கீழே ஜல்லி. நிரம்பினால் மிச்சம் ஓடைக்கு வழியும். வழக்கமான பூங்காப் பாத்தி ரோட்டைவிட உயரமாக இருக்கும். அதற்குள் ஒரு சொட்டும் போகாது, அதற்குத் தண்ணீர் லாரி வேறு வர வேண்டும்.

2. நீர் இறங்கும் தளம்: இடைவெளியுள்ள பேவர் பிளாக், அடியில் ஜல்லி. வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடைபாதைக்கும் சரி. பேருந்து ஓடும் தளத்துக்கு உதவாது. கான்கிரீட் படுக்கை போட்டு அதன்மேல் பேவர் பிளாக் பதித்தால் தண்ணீர் இறங்காது, பார்வைக்கு மட்டும் பேவர் பிளாக்.

3. மூடிய ஓடை: மழைநீருக்கான பெட்டி வடிகால். அதன் மூடிதான் நடைபாதை. திட்டத்தின் மையம் இதுதான், கீழே விரிவாக வருகிறது.

மழைத்தோட்டத்தின் எல்லையையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1.2 மீட்டர் அகலத்தில், இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரம் மீட்டர் நீளத்துக்கு, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் அமைத்தால் ஒரே நேரத்தில் பிடிப்பது 1.8 லட்சம் லிட்டர். 6 லட்சத்தில் 30 விழுக்காடு. சாதாரண மழையை அது தாங்கும். பெருமழைக்கு ஓடைதான் வேண்டும். மழைத்தோட்டம் இருந்தால் வெள்ளமே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இடத்துக்கு இடம் மண்ணும் வேறு. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் மேடுகளில் தண்ணீர் ஓரளவு இறங்கும். சரிவும் உண்டு, அதனால் பாத்திக்குக் குறுக்கே சிறு தடுப்புகள் தேவை, இல்லையென்றால் மண்ணே ஓடிவிடும். சுசீந்திரம், தேரூர் போன்ற நாஞ்சில் நாட்டு வயல் ஓரங்களில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே பாத்தி தோண்டினால் கிணறு தோண்டின கதையாகிவிடும். அங்கே தண்ணீரை இறக்க முயலாமல், வடிகட்டிக் குளத்துக்கோ கால்வாய்க்கோ அனுப்புவதே முறை. ஒரே வரைபடத்தை மாவட்டம் முழுக்க ஒட்ட முடியாது.

கொசு வராதா என்பார்கள். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் தேவை. சரியாக அமைத்த பாத்தியில் தண்ணீர் இரண்டு நாளைக்கு மேல் நிற்காது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கழிவுநீர் அதில் கலக்கக் கூடாது. நம் ஊரில் மழைநீர் ஓடை என்று கட்டியதில் சமையலறைக் குழாயும் சில இடங்களில் அதைவிட மோசமானதும் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இணைப்புகளைத் துண்டிக்காமல் மழைத்தோட்டம் அமைத்தால் கிடைப்பது சாக்கடைச் சேறுதான். அப்புறம் ஓடை எங்கே போய் முடிகிறது என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒரு குளத்திலோ அனந்தனாறு போன்ற பாசனக் கால்வாயிலோ முடியும். டயர்த் தூளும் எண்ணெயும் கலந்த முதல் மழைத் தண்ணீர் நேரே அங்கே போவதைத் தடுப்பதே பாத்தியின் இன்னொரு பயன். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022 முதல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் உள்ளன என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

ஓடையின் மூடிதான் நடைபாதை

இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்புதான் நாட்டின் சாலைத் தரங்களை வகுக்கிறது. நடப்பவர்களுக்கான அதன் ஏடு ஐ.ஆர்.சி. 103. அதன்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் அளவு. உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒன்றரை அடி உயரத்தில் கட்டி, ஏற முடியாமல் பாட்டிமார் கீழே நடக்கும் நடைபாதைகள் இந்த விதிக்கு மாறானவை.

தனியாக ஓடைக்கு ஒரு மீட்டரும் நடைபாதைக்கு இரண்டு மீட்டரும் நம் ரோட்டில் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இருக்கிறது. சமமான, தூக்கி எடுக்கக்கூடிய மூடிகள், குறிப்பிட்ட இடைவெளியில் தூர்வாரும் வாய், வீட்டு வாசல்களில் நடைபாதை மட்டத்தைக் கெடுக்காத சரிவு, அவ்வளவுதான். வாசல் வந்தால் கார்தான் ஏறி இறங்க வேண்டும், நடைபாதை நேராகப் போகும். மின்கம்பம், பெயர்ப்பலகை, மரம், பேருந்து நிழற்குடை எல்லாம் நடைபாதைக்கும் தாருக்கும் நடுவிலுள்ள பட்டையில் வர வேண்டும்.

அகலத்துக்கு ஏற்ப எது பொருந்தும் என்று பார்ப்போம்:

1. சாலை எல்லை 8 மீட்டர்: தார் 5.5, ஒரு பக்கம் 1.8 மீட்டர் நடைபாதை, மீதி 0.7 மீட்டரில் கம்பங்களும் ஆழமில்லாத வடிகாலும். சைக்கிளுக்குத் தனி இடமில்லை.

2. 12 மீட்டர்: தார் 6, இரு பக்கமும் 1.8 மீட்டர் நடைபாதை, மீதி பக்கத்துக்கு 1.2 மீட்டரில் மரமும் மழைத்தோட்டமும்.

3. 18 மீட்டர்: தார் 6.5, பக்கத்துக்கு 2 மீட்டர் சைக்கிள் பாதை, 1.8 மீட்டர் நடைபாதை, மீதி பக்கத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டரில் மரம், வண்டி நிறுத்தம், பேருந்து நிறுத்தம்.

6 மீட்டர் தாரில் இரண்டு பேருந்துகள் கடக்குமா? ஒரு பேருந்தின் அகலம் 2.6 மீட்டருக்குள். கடக்கும், ஆனால் இரண்டும் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்க வைப்பதுதான் நோக்கமே. குமரியில் வளைவுகள் அதிகம், அங்கே மட்டும் தாரைக் கூடுதலாக அகலப்படுத்தியே ஆக வேண்டும். பேருந்தின் பின்பகுதி வளைவில் உள்வாங்கும், அதற்கு இடம் விடாவிட்டால் நடைபாதை மேல் ஏறும்.

48 நொடி

நாட்டில் 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 44.5 விழுக்காடு, நடந்து போனவர்கள் 19.5 விழுக்காடு. இவை மத்திய அரசின் கணக்கு.

ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகும் என்றால், 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நொடிக்குள் வண்டி 14 மீட்டர் போய்விடும். 30இல் 8 மீட்டர். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 30க்கும் 50க்கும் இடையே ஏறத்தாழ 2.8 மடங்கு. ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும்.

வேகத்தை 30க்குக் குறைத்தால் நாம் கொடுக்கும் விலை என்ன? ஒரு கிலோமீட்டரை 50இல் கடக்க 72 நொடி, 30இல் 120 நொடி. வித்தியாசம் 48 நொடி. அதுவும் ரோடு காலியாக இருந்தால்தான். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நேரம் போவது ஜங்ஷனில்தான்.

'30 கி.மீ.' என்று பலகை வைத்தால் வேகம் குறையாது. ஒடுங்கிய தார், வளைவின் ஆரத்தைக் குறைத்த சந்திகள், நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய ஜீப்ரா கிராசிங், இவைதான் குறைக்கும். வேகத்தடைக்கும் தரம் உண்டு: 3.7 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நம் முக்குகளில் ஒரே இரவில் முளைக்கும் அந்தக் காங்கிரீட் முதுகெலும்புகளுக்கும் அந்தத் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

சைக்கிள் ஓட்டுகிறவர் யார்

பார்த்தால் குறைவுதான். ஆனால் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை மாணவர்களுக்கு அரசு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விலையில்லா சைக்கிள் கொடுத்து வருகிறது. ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அதை ஓட்ட ஓர் அடி இடம்கூட ஒதுக்காமல் ரோடு போட்டோம். மீன் கூடையும் பால் கேனும் கட்டிக்கொண்டு போகிறவர்கள், வேலைக்குப் போகும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் என்று இன்னும் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாலம் கட்டுவதற்கு முன் எத்தனை பேர் ஆற்றை நீந்திக் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. சைக்கிள் பாதைக்கும் அந்தக் கணக்கு வேண்டாம்.

அதே சமயம், 12 மீட்டர் ரோட்டில் பச்சைப் பெயின்ட் அடித்து அதற்குச் சைக்கிள் பாதை என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெயின்ட் மேல் கார் நிற்கும். ஒடுங்கிய ரோட்டில் வேகத்தை 30க்குள் கொண்டுவந்தால் சைக்கிள் எல்லாருடனும் சேர்ந்தே போகலாம். தடுப்புக்கல் வைத்துப் பிரித்த பாதை, அகலமான துண்டுகளுக்கு மட்டும்.

மரம், கடை, மீன்

பழைய ரோட்டோரப் புளிய மரங்களில் பெரும்பாலானவை அகலப்படுத்தும்போது போய்விட்டன. புதிதாக வைக்கும்போது அடிமரம் வரை சிமென்ட் பூசினால் வேர் பரவாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டமே மரம் சாய்ந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். ஒரு மரத்துக்குக் குறைந்தது ஒரு மீட்டர் சதுரம் திறந்த மண் வேண்டும். மழைத்தோட்டப் பட்டை இருந்தால் அந்த மண் நீளமாகக் கிடைக்கும். பூவரசு, புங்கு, நாவல், மகிழம் போன்றவை ஏற்றவை. மின்கம்பி போகும் பக்கத்தில் உயரம் குறைந்தவை. தேங்காய் விழும் என்பதால் தென்னை மட்டும் நடைபாதை ஓரத்தில் வேண்டாம்.

கடைக்காரர்களின் அச்சம் வண்டி நிறுத்தம் பற்றியது. வாசலில் நிற்கும் ஒரு கார் இருக்கும் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும், நடந்து வருகிறவருக்கு இடமே தேவையில்லை. அதற்காக நிறுத்தமே வேண்டாம் என்பதும் நடக்காது. மரங்களுக்கு இடையே குறித்த இடங்கள் விட வேண்டும். சாயங்காலம் முக்கில் மீன் விற்கும் அம்மாமார், மட்டிப்பழக் குலை தொங்கவிடுகிறவர், சீசனுக்கு அயினிச்சக்கை கொண்டுவருகிறவர் இவர்களையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தருகிறது. மீன் விற்கும் இடத்துக்குத் தனி வடிகாலும் தண்ணீர்க் குழாயும் வைத்தால், மீன் கழுவிய தண்ணீர் மழைத்தோட்டத்துக்குப் போகாது.

ரோடு யாருடையது

தார் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுக்கோ மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ சொந்தம். ஓடை பல இடங்களில் உள்ளாட்சியின் பொறுப்பு. கம்பம் மின்வாரியத்தினுடையது, குழாய் குடிநீர் வாரியத்தினுடையது. பேரூராட்சிகள் நெருக்கமாக உள்ள மாவட்டம் இது, அதனால் சில கிலோமீட்டருக்குள் நிர்வாக எல்லை இரண்டு மூன்று முறை மாறும். ஒரு பேரூராட்சியின் ஓடை அடுத்ததின் எல்லையில் திடீரென நின்றுபோவது இதனால்தான்.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலைப் பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றத் தவறி மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஆலோசகருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இப்படியொரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தால், ஓடை உடைந்து கிடக்கிறது என்று மனு எழுதும்போது இந்த எண்ணையும் சேர்த்து எழுதலாம்.

வேலையின் வரிசை இது:

1. நில அளவை. புலப்படம் எனும் அரசு நில வரைபடத்தை வைத்து உண்மையான சாலை எல்லையைக் கல் நட்டுக் காட்டுவது. ஆக்கிரமிப்பு இருந்தால் அப்போதே தெரியும். வரைபடம் அதற்குப் பிறகுதான்.

2. மட்டம் எடுப்பது. ஒவ்வொரு வாசலின் உயரத்தையும் தார் உயரத்தையும் ஓடை போய்ச் சேரும் இடத்தின் உயரத்தையும் அளக்க வேண்டும்.

3. சோதனை. ஒரு சந்தியில் பெயின்டும் பிளாஸ்டிக் கம்பங்களும் வைத்துச் சில வாரம் பார்ப்பது. பேருந்து திரும்பவில்லை என்றால் பெயின்டை அழிக்கலாம், காங்கிரீட்டை அழிக்க முடியாது.

4. மண்ணுக்கடியில் உள்ள வேலை முழுவதும்: குழாய், கேபிள், கழிவுநீர் இணைப்பு. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருக்களில் நாகர்கோவில் மக்கள் பட்ட பாடு போதும்.

5. ஓடையும் அதன் மூடியான நடைபாதையும்.

6. பழைய தாரைச் சுரண்டி, வாசல்களுக்குக் கீழே மட்டம் வரும்படி புதிய தார்.

7. பாத்தியும் மரமும்.

இதில் 4, 5, 6 மூன்றும் ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் முடிய வேண்டும். இரண்டு பருவமழைகளுக்கு நடுவே நமக்குக் கிடைக்கும் உலர்ந்த காலம் அவ்வளவுதான். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதற்காக அவசரமாகத் தாரை முதலில் போட்டு, ஓடையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுகிற வழக்கம் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி வரும்போது ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஓடையும் தாரும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா, தூர்வாரவும் செடிகளைப் பார்த்துக்கொள்ளவும் குறைந்தது சில ஆண்டுகளுக்கு அதே ஒப்பந்தக்காரருக்குப் பொறுப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்பதை. பாத்தி ஆனி, ஆடி மழைக்கு முன் தயாராக இருந்தால், வைத்த கன்றுக்கு முதல் வருஷம் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் வேலை பெரும்பாலும் மிச்சம்.